உயர்த்திக் கட்டிய ஜீப்

காரைக்குடியில் நான் வேலை பார்த்த பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஒரு ஜீப் இருந்தது. பட்டாளத்தில் கழித்துவிட்டதை ஏலத்தில் எடுத்து, பச்சைக்கு மேல் வெள்ளை அடித்து, இரண்டு பக்கமும் சிவப்பில் பெரிய கூட்டல் குறி போட்டிருந்தார்கள். வெள்ளை உரிந்த இடத்திலெல்லாம் பச்சை எட்டிப் பார்க்கும். அறுபதுகளின் நடுவில், நர்ஸ் படிப்பு முடித்து நான் அங்கே சேர்ந்த புதிதில், அந்த வண்டி வந்து நின்றால் சுற்றுக் கிராமத்துப் பெண்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அதே வண்டியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வாயில் எச்சில் ஊறுகிறது. துப்புவதற்கு.

ஆஸ்பத்திரியைக் கட்டியவர் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்து பொருள் சேர்த்த ஒரு பெரியவர். அவர் காலமான பிறகு அவருடைய மனைவி தர்மத்தை நடத்தினார். அவரைப் பெரிய ஆச்சி என்போம். நடத்தினார் என்பது பேச்சுக்குத்தான். பெயர் ஆச்சிக்கு, சாவி மகனுக்கு. மகனைச் சின்ன முதலாளி என்று கூப்பிடுவோம். நாற்பதைத் தொடாத வயது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, எந்நேரமும் செண்ட் வாசனை. பிரசவ வார்டுப் பக்கம் வந்தால் மட்டும் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொள்வார்.

டாக்டரம்மா திருநெல்வேலிக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சத்தம் போட்டுப் பேச மாட்டார். ஆனால் அவர் ஒரு தடவை சொன்னதை இரண்டாம் தடவை சொல்ல வைக்க எங்களுக்குத் தைரியம் இருந்ததில்லை. ஜீப்பை ஓட்டியவர் பட்டாளத்திலிருந்து வந்த டிரைவர். நான் அவரை அண்ணே என்பேன்.

வண்டியில் ஒரு குறை இருந்தது, உண்மைதான். எங்கள் பக்கத்துக் கிராமத்துப் பாதைகளில் மாட்டு வண்டிகள் போய்ப் போய் இரண்டு பக்கமும் சக்கரத்தடம் பள்ளமாகி, நடுவில் மண் மேடாக நிற்கும். மழைக்காலத்தில் சக்கரங்கள் அந்தத் தடத்துக்குள் இறங்கிவிட்டால் ஜீப்பின் வயிறு நடுமேட்டில் உட்கார்ந்துகொள்ளும். சக்கரம் சுற்றும், சேறு பறக்கும், வண்டி நகராது. ஒரு ஐப்பசியில் வலி கண்ட பெண்ணை வைத்துக்கொண்டு அப்படி மாட்டிக்கொண்டோம். உழுதுகொண்டிருந்த ஒருவர் மாட்டை அவிழ்த்து வந்து இழுத்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது பிள்ளையின் தலை தெரிந்துவிட்டது. நல்லவேளை, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுநாள் டாக்டரம்மா சின்ன முதலாளியைக் கூப்பிட்டுச் சொன்னார்: "வண்டிக்கு அடி கொஞ்சம் உயரணும். சேத்துல பிடிக்கிற மாதிரி டயர் வேணும். ஏதாவது பண்ண முடியுமான்னு பாருங்க."

ஒரு விளக்கு மாற்றச் சொன்னால்கூட மாதக்கணக்கில் இழுத்தடிப்பவர், "இன்னைக்கே பாத்துருவோம் டாக்டர்" என்று எழுந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. நோயாளி ஏறி இறங்குவதற்குத் தோதாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி டாக்டரம்மா என்னையும் கூட அனுப்பினார்.

பட்டறை செக்காலைப் பக்கம் இருந்தது. கழிவெண்ணெய் ஊறிக் கறுத்த தரை, அதில் திட்டுத்திட்டாக வெற்றிலை எச்சில். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். சின்ன முதலாளியின் கூட்டாளிகள் இரண்டு பேர் எனக்கு முன்பே வந்து, கவிழ்த்துப் போட்ட பீப்பாய்களின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரி வண்டிக்கு டயர் வாங்க இவர்கள் எதற்கு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

பட்டறைக்காரர் ஜீப்புக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். "இப்ப இருக்கிறது ஆறு இஞ்சு டயரு முதலாளி. ஏழு போட்டு, ஸ்பிரிங்குல ஒரு பட்டை கூடச் சேத்தம்னா போதும். மேடு தட்டாது."

"ஏழுதானா?" என்றார் சின்ன முதலாளி. "ஏழரை போட்டா?"

ஒரு நொடிதான். பட்டறைக்காரரின் குரலே மாறிப்போனது. "ஏழரைன்னா அது தனி எடுப்பு முதலாளி. ஆனை வந்து நிக்கிற மாதிரி இருக்கும்."

சுவரோரம் சாத்தியிருந்த டயர்களை ஒவ்வொன்றாக உருட்டி வந்து காட்டினார்கள். பட்டாள லாரிகளிலிருந்து கழற்றியவையாம். ஒரு கூட்டாளி டயரின் முரட்டுக் கட்டைகளை உள்ளங்கையால் தடவிக்கொண்டே, "இத மாட்டுனா எந்தக் காட்டுலயும் எறங்கலாம்" என்றார். மாடு வாங்கப் போனவர்கள் திமிலைத் தடவுகிற மாதிரி ஆளாளுக்குத் தடவினார்கள்.

டிரைவர் அண்ணன் தயங்கித் தயங்கி, "ஏழரை மட்கார்டுல உரசும் முதலாளி. திருப்பையில இடிக்கும்" என்றார்.

"உரசுற எடத்த வெட்டி எறிஞ்சுருவோம்" என்றார் பட்டறைக்காரர். "அது பத்தலைன்னா இன்னொரு வழி இருக்கு. இப்ப ஸ்பிரிங்கு அச்சுக்கு அடியில கெடக்கு. அத அச்சுக்கு மேல மாத்திக் கட்டிட்டா வண்டி ஒரேயடியா அரையடி எந்திரிச்சுரும். லாரிப் பட்டை ரெண்டு சேத்துவிட்டா உக்காரவே உக்காராது."

"அப்படியே செய்யி" என்றார் சின்ன முதலாளி.

நான் வாயைத் திறந்தேன். "ஏறுறது எப்படி முதலாளி? நிறைமாசக்காரி இவ்வளவு ஒசரம் காலத் தூக்க மாட்டா."

பீப்பாய் மேல் இருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். "கூட வாரவுக ரெண்டு பேரு தூக்கி விட்டாப் போச்சு. நெல்லு மூட்டைய ஏத்துறதில்லையா?" எல்லாரும் சிரித்தார்கள். பட்டறைக்காரர், சிரிக்க வேண்டுமே என்று சிரித்தார். சின்ன முதலாளி என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கண்ணெல்லாம் டயரின் மேல்.

ஒரு வாரம் போல மாட்டு வண்டியில் ஓட்டினோம். பிறகு ஜீப் வந்தது. பூசணிக்காய் உடைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஊர்வலம் போலக் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார்கள். முழங்காலுக்குச் சற்று மேலே இருந்த வண்டித்தளம் என் இடுப்புக்கு வந்திருந்தது. டாக்டரம்மா வராந்தாவில் நின்று அதை மேலும் கீழும் பார்த்தார். "நான் கேட்டது இது இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்த வண்டியில் முதலில் ஏறிய பெண் கோவிலூர்ப் பக்கத்து ஊர்க்காரி. தலைச்சன் பிள்ளை. வலியில் நிற்க முடியவில்லை. நான் பின்பக்கம் ஏறி அவள் கையைப் பிடித்து இழுத்தேன், ஆகவில்லை. கடைசியில் அவளுடைய கொழுந்தனும் பக்கத்து வீட்டு ஆளும் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்க, டிரைவர் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு காலைத் தாங்க, ஊர் முழுக்க நின்று பார்க்க, புடவை விலகிய நிலையில் அவளை உள்ளே தள்ளினோம். தள்ளினோம் என்பதுதான் சரியான வார்த்தை. பலகையில் படுத்ததும் அவள் வலியைக்கூட மறந்து முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வரும்வரை எடுக்கவே இல்லை.

அதற்குப் பிறகு வார்டிலிருந்த மர முக்காலியைக் கூடவே கொண்டுபோனேன். அதன் மேல் நிற்க வைத்து ஏற்றினால் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் உள்ளே உட்கார்ந்தாலும் நிம்மதி கிடையாது. லாரிப் பட்டை சேர்த்த ஸ்பிரிங் எங்கள் எடைக்கு வளைந்தே கொடுக்கவில்லை. சக்கரம் கல்லில் ஏறினால் அந்தக் கல் நேரே முதுகெலும்பில் ஏறியது. பெண்கள் வழிநெடுக வாந்தி எடுத்தார்கள். என் மடியிலும் எடுத்தார்கள். அதில் எனக்கு அருவருப்பு வந்ததே இல்லை. அது என் வேலை. அருவருப்பு வந்தது வேறொரு காலையில்.

அன்றைக்கு ஒரு கேஸுக்குப் புறப்படுவதற்காக ஜீப்பின் பின்படுதாவைத் தூக்கினேன். நாற்றம் முகத்தில் அடித்தது. சாராய வாடையும் பச்சை மாமிச வாடையும் சேர்ந்த நாற்றம். நோயாளி படுக்கிற பலகையில் இரத்தம் உறைந்து கறுத்திருந்தது. அதில் மயிர் ஒட்டியிருந்தது. கௌதாரி இறகுகள் பலகை இடுக்கில் செருகிக்கொண்டிருந்தன. முதல் உதவிப் பெட்டியைத் தள்ளினால், அதன் பின்னால் ஒரு முயல் கால் நகத்தோடு கிடந்தது. எறும்பு மொய்த்திருந்தது.

டிரைவர் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"சாயங்காலம் முதலாளி எங்கிட்டச் சாவிய வாங்கிட்டுப் போயிருறாக நர்சம்மா. கூட்டாளிகளோட வேட்டைக்கு. விடியக் கொண்டாந்து நிறுத்துறாக."

"எத்தனை நாளா?"

"வண்டியத் தூக்குனதுல இருந்து."

பட்டறையில் கூட்டாளிகள் எதற்கு உட்கார்ந்திருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏழு போதாது, ஏழரை வேண்டும் என்றது எதற்கு என்பதும். எங்கள் கிராமத்துப் பாதைக்கு ஏழு போதும். முள்ளுக்காட்டுக்குள் முயலைத் துரத்த அது போதாது. பிள்ளைத்தாச்சிகளின் பெயரைச் சொல்லி தர்மப் பணத்தில் வேட்டை வண்டி கட்டியிருக்கிறார்கள்.

பினாயில் ஊற்றித் தேய்த்தேன். தேங்காய் நாரால் தேய்த்தேன். பலகையின் நாற்றம் போகவில்லை. அதன் மேல் ரப்பர் விரிப்பும் வெள்ளைத் துணியும் போட்டு, அந்தக் கேஸைக் கொண்டுவந்தேன். அந்தப் பெண் வழியில் மூக்கைச் சுளித்து, "என்னக்கா கவுச்சி அடிக்குது?" என்று கேட்டாள். நான் பின்படுதாவைத் தூக்கிக் கட்டினேன்.

சின்ன முதலாளி அன்று பதினொரு மணி வாக்கில் ஆபீஸ் அறைக்கு வந்தார். நான் போய் நின்றேன்.

"ஜீப்புல ரத்தமாக் கெடக்கு முதலாளி. பிள்ளைத்தாச்சியப் படுக்க வைக்கிற பலகை அது."

"கழுவுனா ஆச்சு."

"கழுவியும் நாத்தம் போகல."

அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சிரித்தார். "ரத்தத்தப் பாத்து அருவருக்கிற ஆளு, எதுக்கு நர்சு வேலைக்கு வந்தீக?"

"ரத்தத்தப் பாத்து இல்ல முதலாளி" என்றேன்.

அதோடு நிறுத்திக்கொண்டேன். மீதி அவருக்குப் புரிந்தது. முகம் இறுகியது. போகச் சொல்லிக் கையை அசைத்தார், ஈயை ஓட்டுகிற மாதிரி.

அன்று தச்சரைக் கூப்பிட்டுப் புதுப் பலகை போட்டேன். ஒவ்வொரு சாயங்காலமும் அதைக் கழற்றி வார்டுக்குள் வைத்துப் பூட்டினேன். டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவர், "பூட்டுச் சாவிய நீயே வச்சிக்கோ" என்றார். வேட்டை நிற்கவில்லை. பலகைக்குப் பதில் சாக்கை விரித்துக்கொண்டு போனார்கள். காலையில் சாக்கை எடுத்து எறிந்துவிட்டு, தளத்தைக் கழுவி, பலகையை மாட்டுவது என் அன்றாட வேலையில் ஒன்றாகிப் போனது.

கார்த்திகையில் விடாத மழை. கண்மாய்க்கு அந்தப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஆள் வந்தது. எட்டு மாதக்காரி, கால் முகமெல்லாம் வீக்கம், தலைவலி, கண் மங்கலாகத் தெரிகிறதாம். டாக்டரம்மா எழுந்து நின்றுவிட்டார். "வலிப்பு வர்றதுக்கு முந்தி இங்க இருக்கணும். போங்க."

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். போகும்போது அந்த டயர்கள் வேலை செய்தன. பழைய வண்டி நின்றுபோகிற சேற்றில் ஜீப் தடுமாறாமல் போனது. நடுமேடு வயிற்றில் தட்டவே இல்லை. பரவாயில்லையே என்று என் வாயே சொன்னது.

அந்தப் பெண்ணை முக்காலி வைத்து ஏற்றினோம். கூட அவளுடைய அம்மா. திரும்பும்போது கண்மாய்க்கரை மேலே வந்தோம். கரை குறுகலானது, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல்வரை இறங்கும் சரிவு. எதிரே வைக்கோல் வண்டி ஒன்று வந்தது. அண்ணன் ஜீப்பைச் சரிவுப் பக்கம் ஒதுக்கினார். மழையில் ஊறியிருந்த ஓரம் ஒரு பக்கத்துச் சக்கரங்களோடு கொஞ்சம் அமுங்கியது. கொஞ்சம்தான். முன்பும் எத்தனையோ தடவை அப்படி அமுங்கி, ஏறி வந்திருக்கிறோம். இந்தத் தடவை வண்டி அமுங்கியதோடு நிற்கவில்லை. உயர்த்திக் கட்டியதில் வந்த தலைப்பாரம். மெதுவாக, மிக மெதுவாக, தூக்கம் வந்த ஆள் போலச் சாய்ந்து சரிவில் படுத்தது.

கரையோரம் நின்ற கருவேலமரங்கள் தாங்கிக்கொண்டதால் உருளவில்லை. அந்தப் பெண் என் மேல் விழுந்தாள். அவள் வயிற்றைச் சுற்றி நான் இரண்டு கையையும் கோர்த்துப் பிடித்திருந்தேன். எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை. முள் படுதாவைக் கிழித்துக்கொண்டு என் தோளில் இறங்கியிருந்தது. பெட்ரோல் சொட்டுகிற வாடை. "ஆத்தா, பெட்ரோலு. சீக்கிரம் வெளிய வாங்க" என்று அண்ணன் வெளியிலிருந்து கத்தினார். பையைத் துழாவி, தொப்புள்கொடி வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து, மேற்படுதாவை வெட்டினேன். அந்த வழியாக அவளை வெளியே எடுத்தோம்.

வைக்கோல் வண்டிக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாரத்தில் பாதியைச் சேற்றிலேயே தள்ளிவிட்டு, மாட்டை அவிழ்த்து வண்டியைத் திருப்பிக் கட்டி, மீதி வைக்கோலைப் பரப்பி, "தாயி, இதுல வைங்க" என்றார். முக்காலி தேவைப்படவில்லை. வண்டியின் பின்பக்கத்தைத் தரையோடு தாழ்த்திக் கொடுத்தார். மாடுகளை ஓட ஓட விரட்டினார். ஆனாலும் மாடு மாடுதான். பாதி வழியில் அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. பல்லுக்கு நடுவே துணியைச் சுருட்டி வைத்து, தலையை மடியில் ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டேன். அவளுடைய அம்மா குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. வண்டி சாயாமல் நேரே வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "தெரியாது" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர் அவர்.

பிள்ளையைத் துணியில் சுற்றிப் பாட்டியின் கையில் கொடுத்துவிட்டு நான் வராந்தாவுக்கு வந்தபோது சின்ன முதலாளி வந்திருந்தார். நேரே கண்மாய்க்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். செருப்பில் சேறு. என்னைப் பார்த்ததும், "முன்கண்ணாடி போச்சு, ஒரு மட்கார்டு நசுங்கிருச்சு. பிரேமுக்கு ஒண்ணும் இல்ல" என்றார், நான் அதைத்தான் கேட்கக் காத்திருந்த மாதிரி. பிறகு, "டிரைவருக்கு ஓட்டத் தெரியல. அவனை அனுப்பியாச்சு" என்றார். உள்ளே யார், என்ன ஆனாள் என்று அவர் கேட்கவே இல்லை. பிள்ளைத் துணியைப் பிடித்திருந்த கையோடு அவர் முன்னால் நிற்கவே எனக்குப் பிடிக்கவில்லை. கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன்.

சில நாளில் ஜீப்பை இழுத்து வந்து ஆஸ்பத்திரி முற்றத்தில் நிறுத்தினார்கள். அதே உயரம், அதே டயர். பெரிய ஆச்சி ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கனத்த உடம்பு. கூடவே மகன். டாக்டரம்மா வராந்தாவிலிருந்து இறங்கி அவரிடம் போனார்.

"ஆச்சி, ஒரு உபகாரம். இந்த வண்டியில ஒரு தடவை ஏறிப் பாருங்க."

"நான் எதுக்கு டாக்டர்?"

"ஏறிப் பாருங்க ஆச்சி."

ஆச்சி ஜீப்பின் பின்பக்கம் போய்க் கம்பியைப் பிடித்தார். ஒரு காலைத் தூக்கினார். பாதம் எட்டவில்லை. மறுபடி முயன்றார். மூச்சு வாங்கியது. மகன் ஓடி வந்து, "நான் தூக்கி விடுறேன் ஆத்தா" என்று இடுப்பில் கைவைத்தார்.

"கைய எடு" என்றார் ஆச்சி.

நாங்கள் எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஆச்சி கம்பியை விட்டுவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். "வாயும் வயிறுமா இருக்கவளுகளையா இதுல ஏத்துனீக?" என்று மகனைப் பார்த்துக் கேட்டார். மகன் டயரைப் பற்றி, சேற்றைப் பற்றி, டாக்டர்தான் கேட்டார் என்பதைப் பற்றி என்னவோ சொன்னார். டாக்டரம்மா என்னைப் பார்த்து, "நீ பாத்ததச் சொல்லு" என்றார். நான் பலகையைச் சொன்னேன், இறகைச் சொன்னேன், முயல் காலைச் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். பிள்ளையைப் பற்றி டாக்டரம்மா சொன்னார்.

ஆச்சி அன்று மாலையே டிரைவர் அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். இரண்டு மாதத்தில் படி தாழ்ந்த பழைய வேன் ஒன்று ஆஸ்பத்திரிக்கு வந்தது. சேற்றில் சிக்கும், இறங்கித் தள்ளுவோம். ஆனால் ஒரு பெண் தன் காலால் ஏறி உட்காரலாம்.

ஜீப்பை என்ன செய்தார்கள் என்பதுதான் இன்னும் என் தொண்டையில் நிற்கிறது. மகனுக்கே கொடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குத்தான் வேண்டாமே, வீட்டிலேயே நிற்கட்டும் என்று. கூட்டல் குறியின் மேல் கறுப்பு அடித்தார்கள். புதுக் கண்ணாடி, முன்னால் ஒரு வரிசை விளக்கு. கல்யாண ஊர்வலங்களில் அது முன்னால் போனது, தேர்தல் வந்தால் கொடி கட்டிக்கொண்டு போனது. எழுபதுகளில் அதைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று வீடுகளில் ஜீப்பைத் தூக்கிக் கட்டிக்கொண்டார்கள். பட்டறைக்காரர் பக்கத்து மனையையும் வாங்கிப் போட்டார். தெருவில் அந்த ஜீப் வந்தால் பெரிய மனிதர்கள்கூட நின்று, "என்னா எடுப்பு பாத்தியா" என்பார்கள். என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

ஒரு நாள் மழையில் பஸ் வராமல் செக்காலை ரோட்டில் குடையோடு நின்றிருந்தேன். அந்த ஜீப் பக்கத்தில் வந்து நின்றது. சின்ன முதலாளி தலையை நீட்டினார். நரை விழுந்திருந்தது, செண்ட் வாசனை மட்டும் அப்படியே.

"என்ன நர்சம்மா, நனையிறீக? ஏறுங்க, ஆஸ்பத்திரியில விட்டுட்டுப் போறேன்."

அவர் எதையுமே நினைவில் வைத்திருக்கவில்லை என்பது அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே தெரிந்தது.

"வேண்டாங்க" என்றேன். குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி, தண்ணீர் ஓடுகிற ரோட்டில் நடந்தேன். டியூட்டிக்கு அரை மணி தாமதம். டாக்டரம்மா காரணம் கேட்டார். சொன்னேன். அவர் உலர்ந்த துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.